இரண்டாம் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்

என் தம்பி மகள் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் கூட்டி வந்ததும் நான்தான். தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். போனால் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் கரைக்கு வருவான். அவன் பெண்சாதி விடிகிறதுக்கு முன்னாலேயே காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். வந்ததும் சாப்பிட்டுக் கட்டையைச் சாய்த்தால்தான் அவளுக்கு மறுநாள் உடம்பு எழும். எனக்குப் புருஷன் போய் வெகு காலம் ஆயிற்று. பிள்ளை கிடையாது. வீட்டில் மூத்தவள் நான், கடைசிப் பிள்ளை அந்தத் தம்பி. அவன் வீட்டில்தான் இருக்கிறேன்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். பேப்பர் படிப்பேன், கையெழுத்தும் பரவாயில்லாமல் இருக்கும். பேசத்தான் வராது. நாலு பேர் நிற்கிற இடம் என்றால் ஒதுங்கிப் போய்விடுவேன். பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற பெண்களெல்லாம் வேப்பமரத்தடியில் கூடி நின்று பேசுவார்கள். அவர்களோடு நின்றால் நானும் ஏதாவது பேச வேண்டும். அதனால் தண்ணீர்க் குழாய் பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். அந்தக் குழாய்க்கு மேலேதான் இரண்டாம் வகுப்பின் சன்னல். கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டால் பாடம் முழுக்கக் காதில் விழும். அந்த வருஷம் மூன்று பருவமும் நான் அப்படித்தான் கேட்டேன்.

இப்போதெல்லாம் ஒரு வருஷத்தை மூன்று பருவமாகப் பிரித்து, பருவத்துக்குப் பருவம் புதுப் புத்தகம் கொடுக்கிறார்கள். தமிழும் இங்கிலீஷும் ஒரே புத்தகம். கணக்கும் சூழ்நிலையியலும் இன்னொன்று. பை கனக்காது. முதல் பருவத்தில் டீச்சர் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் பாட்டுப் பாடினார். கையை ஆட்டி, குதித்து, தலையில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு பாடினார். எங்கள் காலத்தில் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தால் அடிக்கத்தான் எழுந்திருப்பார். இந்த டீச்சர் குதிக்கிறதைப் பார்த்து முதல் நாள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டமாக உட்கார வைத்திருந்தார்கள். எழுத்தே தெரியாதவர்கள் அரும்பு. எழுத்துக் கூட்டுகிறவர்கள் மொட்டு. தானாகப் படிக்கிறவர்கள் மலர். எங்கள் பிள்ளை அரும்பில் உட்கார்ந்திருந்தாள். இது என் தம்பி பெண்சாதி காதுக்கு எப்படியோ போய்விட்டது.

"ரெண்டாங்கிளாஸ் வந்தும் அரும்பா?" என்றாள். "அண்ணி, நான் சொல்லிட்டேன். புளியந்தோப்புல எங்கக்கா வூட்டாண்ட இங்கிலீஷ் ஸ்கூல் கீது. அவ தனியாத்தான கீறா, வெச்சிக்கிறேன்றா. அரைப்பரீட்சை வரிக்கும் பாப்பேன். ஒண்ணியும் ஏறலன்னா அங்க கொண்டுபோய் உட்டுடுவேன்."

"சின்னக் குழந்தையாச்சே" என்றேன்.

"அதான் இப்பவே உடணும். பெர்சானா என் கூடையத்தான் தூக்கும்."

என் தம்பி இதில் ஒன்றும் சொல்லமாட்டான். கரைக்கு வருகிற நாலு நாளில் அவன் தூங்குவதா, வலை பார்ப்பதா, பெண்ணோடு விளையாடுவதா? "நீயே பாத்துக்க" என்று பெண்சாதியிடமே விட்டுவிட்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவள் போய்விட்டால் காலையில் எழுந்து நான் யாருக்குத் தலை வாருவேன்?

அதிலிருந்து சன்னலோரம் நிற்பது எனக்குப் பொழுதுபோக்காக இல்லை. இன்றைக்கு ஏதாவது ஏறியதா என்றே கேட்டுக்கொண்டு நின்றேன்.

தமிழில் படம் பார்த்துச் சொல் சொல்ல வைத்தார்கள். இங்கிலீஷில் நிறமும் உடம்புப் பகுதியும். கணக்கில் வட்டம், சதுரம், முக்கோணம். சூழ்நிலையியலில் காற்றுப் பாடம் நடந்த அன்று சன்னலில் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

"சுத்தமான காற்றுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது" என்று டீச்சர் சொன்னார்.

"டீச்சர், பொய்யி!" என்றது ஒரு குரல். "மணலி ஃபேக்டரி பக்கத்துலேர்ந்து காத்தடிச்சா நாறுதே!"

"நேத்துகூட நாறுச்சு டீச்சர். எங்கம்மா கதவ சாத்திக்கினாங்க."

"அதனாலதான் சுத்தமான காற்றுன்னு சொன்னேன்."

"அப்ப அது எங்க டீச்சர் கீது?"

டீச்சர் கிழக்கே கையைக் காட்டினார். "கடல் பக்கமிருந்து வரும், கவனிச்சுப் பாருங்க" என்றார். மறுநாள் காலையில் எங்கள் பிள்ளை வாசலில் நின்று கடல் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன். "வூட்டுப் பாடம் அத்தே" என்றாள்.

முதல் பருவம் முடிவதற்குள் அவள் எழுத்துக் கூட்ட ஆரம்பித்து மொட்டுக்குப் போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "மலராவு, அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்து மூலையில் வைத்தாள் அவள். ஆனாலும் அன்று பிள்ளைக்கு வறுத்த மீனில் பெரிய துண்டு விழுந்தது.

இரண்டாம் பருவம் மழையோடு வந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம் லீவு. சடையங்குப்பம் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகுதான் வந்தார்கள். நீர் பற்றிய பாடத்தை அவர்கள் வரும்வரைக்கும் டீச்சர் தள்ளிப் போட்டார். இங்கிலீஷில் பஸ், ரயில், கப்பல். தமிழில் சின்னச் சின்னக் கதை. கணக்கில்தான் சிக்கல் வந்தது.

பத்துகள், ஒன்றுகள் என்று ஒரு பாடம். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். முப்பத்திரண்டு என்றால் மூன்று கட்டு, தனியாக இரண்டு குச்சி. எங்கள் பிள்ளை கட்டுவாள், வைப்பாள், டீச்சர் பிரித்து எண்ணினால் கூடுதலாக வரும். "உனக்கு எண்ணத்தான் தெரியுதே, அப்புறம் ஏன் தப்பா வருது?" என்று டீச்சர் கேட்பது எனக்குக் கேட்கும். அவள் பதில் சொல்ல மாட்டாள். என் ரத்தம் போலிருக்கிறது. அந்தப் பருவத்தில் தினம் கேட்டேன், தினம் தப்பாகவே வந்தது. தமிழில் ஒரு படி ஏறினால் கணக்கில் அவ்விடத்திலேயே நின்றாள்.

அரைப்பரீட்சைக்குப் பிறகு பெற்றோரைக் கூப்பிட்டார்கள். முதல் பருவத்தில் நான்தான் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இந்த முறை, "நானே வரேன். கண்ணால பாத்தாத்தான் எனக்கு முடிவு தெரியும்" என்றாள் தம்பி பெண்சாதி. அன்று சீக்கிரம் விற்றுவிட்டுக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

டீச்சர் முதலில் நல்லதைச் சொன்னார். பாட்டு நன்றாகப் பாடுகிறாள், எழுத்துக் கூட்டுகிறாள், பக்கத்துப் பிள்ளைக்கு உதவுகிறாள் என்றார். "கணக்குலதான் ஒண்ணு புரியல. நீங்களே பாருங்க" என்று சொல்லி, பிள்ளையைக் கூப்பிட்டுக் குச்சிப் பெட்டியைத் திறந்து வைத்தார். "முப்பத்திரண்டு எடுத்து வைடா கண்ணு."

பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். பத்து வரைக்கும் தப்பில்லாமல் எண்ணிக் கட்டினாள். கட்டிய பிறகு பெட்டியிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்து ரப்பர் பேண்டுக்குள் சொருகிக் கீழே வைத்தாள். இப்படியே மூன்று கட்டு. பிறகு தனியாக இரண்டு.

நான் நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவளைப் பெற்றவளுக்கும் தெரியவில்லை. "கரீட்டாத்தான வெச்சுது?" என்றாள் டீச்சரிடம்.

டீச்சர் ஒரு கட்டைப் பிரித்து எங்கள் முன்னால் எண்ணினார். பதினொன்று.

"ஆமா டீச்சர். பத்து, மேல ஒண்ணு" என்றாள் தம்பி பெண்சாதி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவள் மார்க்கெட்டில் சின்னச் சங்கராவையும் கானாங்கத்தையையும் கூறு கட்டித்தான் விற்பாள். பலகையில் பத்துப் பத்தாகக் குவித்து வைத்திருப்பாள். யார் வாங்கினாலும் பையில் போடும்போது மேலே ஒன்றை எடுத்துப் போடுவாள். போடாவிட்டால் வாங்குகிறவர்கள் நகரமாட்டார்கள். சனி, ஞாயிறில் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து கூறு கட்டும். நானும் சின்ன வயதில் கட்டியவள்தான். பத்து என்றால் எங்கள் கைக்குப் பத்தும் மேலே ஒன்றும்தான்.

"எதுக்குடா இன்னொண்ணு வைக்கிற?" என்று டீச்சர் பிள்ளையைக் கேட்டார். பெரிய மனுஷி மாதிரி அவள் சொன்னாள்: "கொசுறு டீச்சர். குடுக்கலன்னா திட்டுவாங்க."

அந்த அறையே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு ஆட்டோக்காரர், "டீச்சர், பரீட்சை மார்க்குலயும் மேல ஒண்ணு போட்டுக் குடுங்க!" என்றார். டீச்சரும் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தார். பிறகு பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, "கடையில அம்மா பண்றது சரி. இங்க பத்துன்னா பத்துதான். இங்க யாரும் உன்னைத் திட்டமாட்டாங்க" என்றார். பிள்ளை தலையாட்டிவிட்டு ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குச்சியை உருவிப் பெட்டியில் போட்டாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. பிள்ளைக்கு எண்ணத் தெரிகிறது, தப்பு எங்கே என்று தெரிந்துபோயிற்று, இனி எல்லாம் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி பெண்சாதியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கன்டெய்னர் லாரி வரிசை போகட்டும் என்று ரோட்டோரம் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

"பாத்தியா அண்ணி? ஸ்கூல் சொல்றது ஏறல. என் பலகையில கீறதுதான் ஏறிகீது."

"அதான் டீச்சர் சொல்லிட்டாங்களே…"

"இன்னிக்கு கொசுறு. நாளைக்கு இன்னா? எனுக்கு ஆன மாதிரிதான் அதுக்கும் ஆவும். எங்கம்மாவாண்ட குந்திகினு குந்திகினுதான் நான் படிப்ப வுட்டேன். சித்திரை வந்தா இட்டுகினு போய் உட்டுடுறேன்."

மற்றவர்கள் சிரித்த அந்த இடத்தில் அவள் பயந்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் ரோட்டைத் தாண்டுவதிலேயே கண்ணாக இருந்தேன். லாரி சத்தம் வேறு.

பிள்ளையிடம் அவளே சொன்னாள், பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறாய் என்று. "அங்க மாடி வூடா?" என்று கேட்டாள் பிள்ளை. ஆமாம் என்றதும், "அத்தே, நீயும் வர்றியா?" என்றாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

மூன்றாம் பருவத்தில் பாடம் வேகமாக ஓடியது. கணக்கில் நீளம் அளப்பது வந்தது. சாண், முழம், அடி வைத்து வகுப்பறையை அளந்தார்கள். ஒவ்வொருவர் சாணுக்கும் ஒவ்வொரு கணக்கு வரவே பெரிய சண்டை. அப்புறம்தான் ஸ்கேலைக் கையில் கொடுத்தார் டீச்சர். கூட்டலும் கழித்தலும் இரண்டு இலக்கத்தில் வந்தது. எங்கள் பிள்ளைக்குப் பத்து இப்போது பத்தாகவே வந்தது. இங்கிலீஷில் சின்ன வாக்கியம். சூழ்நிலையியலில் வானம், நிலா, பருவ காலம். தமிழ்தான் எனக்கு ஆச்சரியம். பொங்கல் லீவு முடிந்து வந்தபிறகு ஏதோ கதவு திறந்த மாதிரி படிக்க ஆரம்பித்தாள். கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, சோப்பு உறை, சுவரொட்டி, எதையும் விடவில்லை. என் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைக்கூடப் படிக்கப் பார்த்து, அது இங்கிலீஷ் என்று விட்டுவிட்டாள். மாசி முடிவதற்குள் மலரில் உட்கார்ந்தாள்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "நல்லாப் படிச்சா பெரியம்மா வூட்லயும் சீக்கிரம் புடிச்சிப்ப" என்றாள் அவள். மலரானால் பார்க்கலாம் என்று தானே சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. அதை அவளுக்கு ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

சித்திரையில் பரீட்சை முடிகிற சமயம், "அண்ணி, நாளிக்கு ஸ்கூலுக்குப் போய் டி.சி.க்கு எழுதிக் குடுத்துட்டு வந்துடு. உனுக்குத்தான் எழுத வரும்" என்றாள். சரி என்று தலையாட்டினேன். எதற்கும் அப்படித்தான் ஆட்டுவேன்.

மறுநாள் போனேன். டீச்சர் முகம் வாடியது. "ஏம்மா, நல்லா வர்ற பிள்ளையாச்சே" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, "என்ன காரணம்னு ஒரு வரி போடுங்க" என்று பரீட்சைத் தாள் கட்டப் போய்விட்டார்.

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். ஐயா என்றும் போட்டேன். காரணம் என்று வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவது? பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றா? வருஷம் முழுக்கச் சன்னலில் நின்று கேட்டவள் நான். எனக்கு அது பொய்யென்று தெரியும். என் கையால் அந்த வரியை எழுத முடியவில்லை. தாளை மடித்து டீச்சர் மேஜையில் வைத்தேன்.

"நாளைக்கு வந்து எழுதறீங்களாம்மா?" என்றார் திரும்பி வந்த டீச்சர்.

"இல்ல" என்றேன். அதற்குமேல் சொல்ல வராமல் வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் தம்பி பெண்சாதி குழாயடியில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "குடுத்துட்டியா அண்ணி?"

"எழுதல."

"இன்னா, எழுத மறந்துடுச்சா?"

"மறக்கல. எழுதல."

அவள் கையில் இருந்த பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் வாய் திறந்துவிட்டது.

"காரணம் எழுதச் சொன்னாங்க. இன்னா எழுதுவேன்? ஜூன்ல அதுக்கு எழுத்தே தெரியாது. இப்ப பஸ்ஸுல ஊர்ப் பேரு படிக்குது. நீ ஒரு நாளாவது கேட்டியா? முப்பத்தாறையும் நாப்பத்தஞ்சையும் மனசுல கூட்டுது. இங்கிலீஷ்ல மை நேம் இஸ் மட்டும் இல்ல, அவங்கப்பா இன்னா வேல செய்றாருன்னு சொல்லுது. காத்து, தண்ணி, நெலா எல்லாம் தெரியும். கூறு கட்டறத உன்னாண்ட கத்துக்கிச்சு, சரி. அது தப்புன்னு சொன்னதும் அன்னிக்கே மாத்திக்கிச்சே, அத ஏன் நீ பாக்கல? ஒண்ணு கத்துக்கிட்டு இன்னொண்ணையும் கத்துக்கிற புள்ள, எங்க கொண்டுபோய் உட்டாலும் கத்துக்கும். அப்ப இங்கியே இருந்தா இன்னா? அங்க உங்கக்கா காலைல வேலைக்குப் போய்டுவா. தலைய யாரு வாருவா?"

அதோடு நிறுத்தினேன்.

அவள் என்னையே பார்த்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எட்டி அதை மூடினாள்.

"யம்மாடி. இவ்ளோ பேசுவியா நீ?"

நான் கீழே கிடந்த மக்கை எடுத்துக் குழாயடியில் வைத்தேன்.

"கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து நீ பேசினத மொத்தமாக் கூட்டினாலும் இவ்ளோ வராது" என்றாள். கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. ஒரு வருஷம். மூணாங்கிளாஸ் முடியட்டும். ஆனா இனிமே புள்ள சனி ஞாயிறு மார்க்கெட்டுக்கு வரக் கூடாது. அதுக்கு நீதான் ஜவாப்பு. தெனம் ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்கன்னு எனுக்கு நீதான் சொல்லணும். சொல்லலன்னா நானே போய் எழுதிக் குடுத்துடுவேன், கைநாட்டு வெச்சாவது."

மார்க்கெட்டுக்குப் போகக் கூடாது என்றதில் பிள்ளைக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடுகூடப் பேசவில்லை. அங்கே இருக்கிற ஐஸ் கட்டியும் பூனையும் பக்கத்துக் கடைக்காரம்மா கொடுக்கிற பன்னும் வீட்டில் எங்கே இருக்கிறது?

இப்போது மூன்றாம் வகுப்பில் இரண்டாம் பருவம் நடக்கிறது. அதற்கும் அதே டீச்சர்தான், சன்னல் மட்டும் பக்கத்தது. சன்னலோரம் நிற்பது முன்னைப்போல இல்லை. மறுநாள் மத்தியானம் ஒருத்தி கேள்வி கேட்கப் போகிறாள் என்று தெரிந்து நிற்கிறேன். புரியாததை அவளிடம் சொல்ல முடியாது. சென்ற வாரம் வகுத்தல் ஆரம்பித்தார்கள். அது எனக்கு அஞ்சாம் வகுப்பிலேயே தகராறு. மணி அடித்த பிறகு டீச்சரை வராந்தாவில் நிறுத்தி, "மீதி வந்தா இன்னா பண்றது டீச்சர்?" என்று கேட்டேன். வேப்பமரத்தடிப் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் குனிந்து தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன்.

மறுநாள் தம்பி பெண்சாதி மார்க்கெட்டிலிருந்து வந்ததும், வகுத்தல் நடந்தது என்றேன்.

"உனுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அப்ப எனுக்குச் சொல்லு" என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். நான் சாக்பீஸைத் தேடி எடுத்து, தரையில் பெரிதாக இருபத்தொன்பது என்று எழுதினேன்.